எட்டு ஜோடிச் செருப்பு

பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் என் கண் பின்வாசலுக்குப் பக்கத்து சீட்டைத்தான் தேடும். மின்விசிறிக்கு நேர்கீழே படுக்க மாட்டேன். கல்யாண மண்டபத்துக்குப் போனால், பந்தி எங்கே என்று பார்ப்பதற்கு முன் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார். இதெல்லாம் என் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து நூலகத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நூலகத்துக்குப் போனவளுக்குப் படிப்பு ஒட்டியிருக்கலாம். எனக்குப் பயம்தான் ஒட்டியது.

ஊர்க்காரர்களுக்கு அவர் லைப்ரரி அம்மா. எனக்கு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். ஒல்லியாக, கொஞ்சம் கூனலாக, தலைக்கு மேலே எப்போதும் ஏதோ தொங்குகிற மாதிரி குனிந்தே நடப்பார். பல்லாவரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பார். தாம்பரத்தில் அந்தக் காலத்தில் உலகமே தண்டவாளத்தைத் தாண்டிக் குதித்துத்தான் பஸ்ஸுக்கு ஓடும். அக்கா மட்டும் மேம்பாலத்தில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கி வருவார். அவர் வருவதற்குள் பஸ் போயிருக்கும். "அடுத்தது வரும்ல. எதுக்கும் மேல ஏறி வந்துட்டேன்" என்பார்.

இந்த 'எதுக்கும்' அவருடைய தாரக மந்திரம். எதுக்கும் குடை இருக்கட்டும். எதுக்கும் மெயின் ஸ்விட்சை அணைச்சிடறேன். ஆயுத பூஜைக்கு எல்லா ஆபீஸிலும் ஊதுவத்தி மணக்கும். எங்கள் நூலகத்தில் சரஸ்வதி படத்துக்குப் பூ மட்டும்தான். "இவ்ளோ காகிதத்த வெச்சுக்கினு நெருப்பு எதுக்கும்மா" என்பார். அப்படி என்ன நடந்தது உங்கள் வாழ்க்கையில் என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். ஏதாவது பெரிய கதை வரும் என்று எதிர்பார்த்தேன். "காரணம் இருந்தாத்தான் பயப்படணுமா?" என்று கேட்டுவிட்டு, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார்.

நூலகம் இருந்தது ஒரு பழைய அரிசி வியாபாரியின் வீட்டில். அவர் வாரிசு இல்லாமல் போனபோது ஊருக்கென்று விட்டுப்போன வீடு. கீழே கூடத்தில் நூலகம். மேலே மரப்பலகை பாவிய ஒரு பெரிய அறை. அதில் வியாபாரி ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடிக் கதவு அலமாரிகள், யாரும் படிக்காத தடித்தடி இங்கிலீஷ் புத்தகங்கள், ஓர் ஆளுயர ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுக்கத் தெரியும். கூடத்தின் மூலையிலிருந்து செங்குத்தான மரப்படி மேலே ஏறும். அந்தப் பலகைத் தரைக்கு நேர்கீழே அக்காவின் மேஜை.

முதலில் அங்கே வந்ததெல்லாம் பேப்பர் படிக்கிற பெரியவர்களும், வார இதழ் தொடர்கதைக்கு அலைகிற என்னைப் போன்றவர்களும்தான். சுற்றிப் பார்க்க என்று முதலில் வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். எங்கேயோ வழி தவறி, கேமராவும் கையுமாக வந்து, மேலே போய் ஒரு மணி நேரம் படம் எடுத்தார். அடுத்த வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. அந்த ஜன்னலில் கதாநாயகி சாய்ந்து நின்று ஒரு பாட்டில் பாதியைப் பாடினாள். படம் சுமாராகத்தான் ஓடியது. பாட்டு ஓடு ஓடு என்று ஓடியது. அதற்குப் பிறகு பாருங்கள் கூட்டத்தை. வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்கு வருகிற டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம், புலியைப் பார்த்த கையோடு இங்கேயும் ஒரு திருப்பம் திரும்பின. இதற்கப்புறம் கோவளம், கடல். பொத்தேரி பக்கம் காலேஜ் வந்ததும் பையன்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். எல்லாருக்கும் அந்த ஜன்னலில் சாய்ந்து ஒரு போட்டோ வேண்டும். இத்தனை வருஷத்தில் வந்தவர்களில் ஒரு ஆள் கூட ஒரு புத்தகத்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஊருக்குக் கொண்டாட்டம். எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. அதை நடத்திய அம்மாள் புருஷன் இல்லாதவள், ரெண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இளநீர், சுண்டல், ஆட்டோ. பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவருகிற டிரைவருக்கு டீயும் போண்டாவும் இலவசம். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களை மேலே கூட்டிக்கொண்டு போய் வியாபாரியின் கதையைச் சொல்லுவேன். சம்பளமில்லாத உத்தியோகம். ஆபீஸில் ஆறு நாள் வாயைத் திறக்காமல் டைப் அடிக்கிறவளுக்கு அது பெரிய சுகமாக இருந்தது.

அக்கா மட்டும் மேலே வர மாட்டார். ஒரு தடவை கூட ஏறியதில்லை. காலையில் வந்ததும் மேஜையை விரலால் தடவி என்னிடம் நீட்டுவார். விரல் நுனியில் மாவு மாதிரி மரத்தூள். "பாத்தியா? மேல பூச்சி தின்னுது. இது ஒரு நாள் எல்லாரையும் வாரிக்கினு கீழ வரும்" என்பார். சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். நானும் பார்ப்பேன். பலகை இடுக்குகளில் மேலே நடக்கிறவர்களின் நிழல் போகும். எனக்கு முதுகு சில்லிடும். மேலிடத்துக்கு எத்தனையோ தடவை எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. கூட்டம் வருவதால் ஊருக்குப் பெயர், பெயரால் அவர்களுக்கும் பெயர். யார் வந்து ஜன்னலை மூடுவார்கள்?

அப்போதுதான் கட்டங்கள் வந்தன. ஒரு நாள் பார்த்தால் மரப்படியின் அடியில், தரையில், சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டிருந்தார். மேலே போகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஒரு ஜோடிச் செருப்பை விட வேண்டும். எட்டும் நிறைந்துவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு ஜோடி கிளம்பினால்தான் அடுத்த ஜோடி. அவர் மேஜையிலிருந்து தலையைத் திருப்பினால் போதும், மேலே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். தினமும் காலையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவார். ஏன் எட்டு என்று கேட்டேன். "எட்டு வரைக்கும் எனக்கு மூச்சு விட முடியுது" என்றார்.

காலேஜ் பையன்கள் விடுவார்களா? "இன்னா மேடம், பாண்டி ஆடப் போறியா?" என்று கட்டத்தில் நொண்டி அடிப்பார்கள். டீக்கடை அம்மாவுக்கும் கடுப்பு. "தோ பாரு, பஸ்ஸு நின்னுகினு கீது, உள்ள எட்டு பேருன்னா மீதி ஜனம் வெயில்ல காயுது. டிரைவர் நாளைக்கு வண்டியத் திருப்புவானா?" என்று வாசலில் நின்று சத்தம் போடுவாள். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் கட்டத்தை ஒன்பதாக்க மாட்டார்.

அது ஒரு மார்கழி ஞாயிறு. மழை விட்டு வெயில் வந்திருந்தது. காலையில் கூட்டம் இல்லை. பதினோரு மணி வாக்கில் ஒரு பஸ் வந்து நின்றது. திருவள்ளூர் பக்கத்திலிருந்து மாலை போட்ட சாமிகள். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி சந்தனம், நாற்பது பேருக்குக் குறையாது. அவர்களை நடத்திக்கொண்டு வந்த குருசாமிக்கு வெள்ளைத் தாடி. அக்கா அந்த நேரத்தில் பின்கட்டில், குடிநீர்ப் பானையை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் மேலே ஜன்னல் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். முதலில் வந்த ஏழெட்டு சாமிகளிடம் என் கதையை ஆரம்பித்தேன். பின்னாலேயே இன்னும் சிலர் ஏறி வந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். அக்கா விட்டிருக்கிறாரே, இன்றைக்கு மனசு இளகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா விடவில்லை. பின்கட்டிலிருந்து வந்து மேஜையில் உட்கார்ந்தவர் வழக்கம்போலத் தலையைத் திருப்பிக் கட்டங்களைப் பார்த்திருக்கிறார். எட்டும் காலி; என் செருப்பை நான் எப்போதும் வாசலிலேயே விட்டுவிடுவேன். மாலை போட்டவர்கள் விரதம் முடிகிறவரை காலில் செருப்புப் போட மாட்டார்கள். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்தான். ஆனால் வருஷக்கணக்காக ஆளைப் பார்க்காமல் செருப்பையே பார்த்துப் பழகிய கண்; வெறுங்காலுக்கு மரப்படியில் சத்தமும் இல்லை. வாசலில் நின்ற இன்னும் நாலு சாமிகள், வழி கேட்கக்கூடக் கேட்காமல் படியேறியதை அவர் பார்க்கவில்லை. அந்த நேரம் குரோம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மாமியார், மூன்று பெண்கள். செருப்பை ஒழுங்காகக் கட்டத்தில் விட்டார்கள். ஆறு ஜோடி. "போங்க, போங்க, மேல யாரும் இல்ல" என்று அக்காவே சொல்லி அனுப்பினார்.

மேலே எனக்குத் திரும்ப இடமில்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் நெருக்கினார்கள். ஏரியில் நாரை இறங்கியிருந்தது. "அங்க பாரு சாமி, இங்க பாரு சாமி" என்று ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அப்போது என் உள்ளங்காலில் ஒரு அசைவை உணர்ந்தேன். சத்தமில்லை. காலுக்கடியில் பலகை மெதுவாக, மூச்சை இழுத்து விடுகிற மாதிரி, இறங்கி ஏறியது. எதிர்ச் சுவரில் பூட்டில்லாத ஒரு அலமாரியின் கண்ணாடிக் கதவு, யாரும் தொடாமல், தானாகத் திறந்துகொண்டது.

கத்தினால் என்ன ஆகும் என்று தெரியும். நாற்பது பேரும் ஒரே மூலையில் இருக்கிற படிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைத் தரை தாங்குமா? ஓடவும் முடியாது, சொல்லவும் முடியாது. குரோம்பேட்டைப் பெண்களில் சின்னது குதித்துக் குதித்து ஏரியைப் பார்க்கப் பார்த்தது. அதன் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். அது என்னை விநோதமாகப் பார்த்தது. என் வீட்டில் உலையில் என்ன வைத்துவிட்டு வந்தேன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வருகிறது.

கீழே அக்காவின் மேஜையில் தூள் பொலபொலவென்று கொட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்க்க வேண்டிய அளவில்லை. அண்ணாந்து பார்த்தார். பலகை இடுக்கெல்லாம் கால்கள். அத்தனைக்கும் மேலே கறுப்பு வேட்டி. "அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஈரக்குலையே அறுந்துடுச்சும்மா" என்று பின்னால் சொன்னார்.

அந்த நிமிஷத்தில் அவர் வெளியே ஓடியிருக்கலாம். பயந்த சுபாவம், யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மேஜைக்குக் கீழே இருந்த தன் சாப்பாட்டுப் பையிலிருந்து மோர்த் தூக்கை எடுத்து, டீக்கடை அம்மாவைக் கூப்பிட்டு, "இத பானைத் தண்ணில கலந்து, எறங்கி வர்றவங்களுக்கு ஒவ்வொருத்தரா குடு. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு, மரப்படியில் ஏறினார்.

படி மேலே வந்து முடிகிற படித்தலைப்பை நான் பார்த்தபோது அவர் முகம் தெரிந்தது. முதலில் நரைத்த வகிடு, அப்புறம் வெளிறிப்போன முகம். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு. அதைவிடப் பயங்கரமான சிரிப்பை நான் பார்த்ததில்லை. படியோரத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி" என்று குருசாமியைக் கூப்பிட்டார். குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "கீழ சாமிகளுக்கு மோர் வெச்சிருக்கோம். ஒவ்வொரு சாமியா எறங்கினா எங்க கையால குடுப்போம். மத்த சாமிங்க அப்படியே சுவரோரமா உக்காந்துக்கட்டும். இது எங்க வேண்டுதல்."

மாலை போட்டவர்கள் கொடுப்பதை மறுக்க மாட்டார்கள். அதுவும் குருசாமி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கையைக் காட்டினார். நாற்பது பேரும் ஜன்னலை விட்டு, சுவரை ஒட்டி, வரிசையாக உட்கார்ந்தார்கள். தரை இன்னொரு முறை இறங்கி ஏறியது. யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் சரணம் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் பலகை அதிர்ந்ததா, இல்லை என் பல் அதிர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா படித்தலைப்பில் நின்று, எழுந்து வருகிற ஒவ்வொருவர் முழங்கையையும் தொட்டு, "பாத்து எறங்குங்க சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரோம்பேட்டைக் குடும்பத்தை நடுவில் நுழைத்து அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு வயசு கூடியது.

கடைசியில் நான். "சுவரத் தொட்டுக்கினே வா" என்றார். வந்தேன். என் கையைப் பிடித்தார். கை தண்ணீரில் நனைத்தெடுத்த மாதிரி இருந்தது. நான் கீழே வந்து திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கவில்லை. தூணைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். எல்லாரும் போய் முடிந்ததும் அவருடைய கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஒரு படி ஏறினேன். "நீ வராத" என்றார். அப்புறம் மெல்ல உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக, தவழும் குழந்தை இறங்குகிற மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்தார். கடைசிப் படியில் இறங்கி, மோர் குடிக்கப் போன குரோம்பேட்டைக்காரர்கள் இன்னும் எடுக்காத செருப்புகளுக்கு நடுவே காலியாக இருந்த ஒரு கட்டத்தில் உட்கார்ந்து அழுதார்.

வாசலில் குருசாமி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தூக்கு மோரை ஒரு பானைத் தண்ணீரில் கரைத்தால் அதில் என்ன இருக்கும்? "மோர் ரொம்ப நல்லாருந்துதும்மா" என்றார். பஸ் போய்விட்டது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். காலையிலேயே அக்கா தச்சரைக் கூப்பிட்டு மரப்படியைக் கழற்றிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கழற்றிய படியைப் பின்கட்டில் சாய்த்து வைத்துவிட்டு, தன் மேஜையில் உட்கார்ந்து பேப்பர்களுக்குத் தேதி முத்திரை போட ஆரம்பித்தார். ஊர் திரண்டு வந்தது. பஸ்கள் வந்து, பார்த்து, திரும்பிப் போயின. டீக்கடை அம்மா உள்ளே வந்து அக்கா எதிரில் நின்றாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நேத்து உனக்காக நான்தானே மோர் ஊத்துனேன். எனக்குத் தெரியாதா நீ பயந்தது? ஆனா என் பொண்ணுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன், நீயே சொல்லு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. எனக்குப் பயமா கீது" என்றார். அந்த ஊர்ப் பேச்சு அவருக்கும் ஒட்டியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஒரு இன்ஜினியரோடு வந்தார். "யார் பர்மிஷன் குடுத்தாங்க மேடம்?" என்றதற்கும் அதே பதில்தான்: "பயமா இருந்துச்சு சார்." ஏணி வைத்து மேலே போன இன்ஜினியர், தரையின் நடுவில் நின்று தொம் தொம்மென்று குதித்துக் காட்டினார். கீழே அக்கா காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் செய்யத் தோன்றியது. ஒன்றும் ஆகவில்லை. "நல்லாத்தானே இருக்கு. மரத் தரைன்னா கொஞ்சம் ஆடும்" என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அடுத்த மாதம் அக்காவைக் கோவளம் பக்கத்து நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். படியை மறுபடி பொருத்தினார்கள். ஆனால் அதற்குள் டிரைவர்களுக்கு வேறு டீக்கடை பழகிவிட்டது. பாட்டையும் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். கூட்டம் திரும்பி வரவில்லை. ஊர், பழி முழுவதையும் அக்காவின் தலையில் வைத்தது. டீக்கடை அம்மா கடையை மூடிவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போனாள்.

சில வருஷம் கழித்து, காங்கிரீட்டில் புது நூலகம் கட்டுவதற்காக அந்த வீட்டை இடித்தார்கள். நான் ஆபீஸ் போகிற வழியில் நின்று பார்த்தேன். கூரை ஒரே நாளில் போய்விட்டது. மேல்தளத்து உத்தரங்கள் மட்டும் அசையவில்லை. கடப்பாரை, சம்மட்டி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ரம்பம் கொண்டுவந்து அறுத்தார்கள். "இரும்பும்மா இது, பர்மாத் தேக்கு. இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்றார் மேஸ்திரி. அப்போ அந்தத் தூள்? "அதுவா? பூச்சி தின்னதெல்லாம் அந்த பொஸ்தக பீரோவ. தொட்டாலே கொட்டுது." காலால் எத்திக் காட்டினார். தடித்தடி இங்கிலீஷ் புத்தகங்கள் மாவாக உதிர்ந்தன.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு மனுஷி அத்தனை வருஷம் நடுங்கியதும், ஊர் பகைத்ததும், வேலை இடம் போனதும், ஒன்றுமில்லாததற்கா? இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை கோவளம் பஸ் ஏறினேன். பின்வாசல் சீட்டுத்தான்.

கூடையில் மீனோடு பெண்கள் ஏறி இறங்குகிற நிறுத்தத்துக்கு எதிரில், ஒரே அறையில் நூலகம். மாடி இல்லை. அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தார். மேஜையைக் கடல் பார்க்கப் போடாமல் வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார். "சத்தம் கேட்டா எதுக்கும் வாசல் பக்கம் இருக்கறது நல்லது" என்றார். தண்ணீர் கொடுத்தார். என் ஆபீஸ், என் வீட்டுக்காரர், தாம்பரம் மேம்பாலம் எல்லாவற்றையும் விசாரித்தார்.

சொல்லிவிட்டேன். வீட்டை இடித்தது, உத்தரம், ரம்பம், மேஸ்திரி சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு விரலை வைத்து மெதுவாக இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மணல்தான் இருந்தது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்த மார்கழி ஞாயிற்றில் படித்தலைப்பில் பார்த்த அதே வெளிறிய முகம்.

"அறுக்கறதுக்கு முன்னாடி மேல இருந்த ஆளுங்கள எல்லாம் எறக்கிட்டாங்கதானேம்மா?"

இறக்கிவிட்டார்கள், நானே நின்று பார்த்தேன் என்றேன். அப்போதுதான் அவர் மூச்சை விட்டார்.

"இல்ல, எதுக்கும் கேட்டேன்" என்றார்.